சுற்றுக்கல்லுக்கு நேரம் கொடு

அன்பு மக்கா,

பாறசாலைப் பட்டறையில் நிச்சயத்துக்கு, நடுக்கல்லைச் சுற்றிச் சின்னக் கற்கள் பதித்த ஹாலோ மோதிரம்தான் அதிகம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இஞ்சிவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை மோதிரம் மாற்றும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ‘சின்னக் கல்லைப் பெரிதாகக் காட்டும் ஏமாற்று வேலை’ என்று யாரோ சொன்னதை நீ நம்பியது எனக்குப் பிடிக்கவில்லை.

நடுக்கல்லைச் சுற்றிக் கல் வைப்பது நமக்குப் புதிதா? ஏழு கல் தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. எல்லாம் ஒரே அளவு என்றால் ஆறுதான் இடைவெளியில்லாமல் உட்காரும். புவிசார் குறியீடு பெற்ற நம் வடசேரிக் கோயில் நகைகளில், ராக்கொடியில் கெம்பு வட்டம் வட்டமாக ஏறுவதும் இதே முறைதான். 1981இல் டயானாவின் விரலில் ஏறிய மோதிரத்தில் இலங்கை நீலக்கல்லைச் சுற்றி 14 வைரங்கள். 2010இல் அது கேட் மிடில்டனின் கைக்குப் போனபோது உலகமே மறுபடி பார்த்தது.

கணக்கையும் பார். 50 சென்ட், அதாவது அரை காரட் வட்டக்கல்லின் விட்டம் ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர். சுற்றிலும் 1.3 மில்லிமீட்டர் கல் 16 வைத்தால் அகலம் 8 மில்லிமீட்டரைத் தொடும். ஒற்றைக் கல்லில் அந்த அகலம் வேண்டுமென்றால் 2 காரட் அளவுக்குப் போக வேண்டும். சுற்றுக்கல் மொத்தமும் 16 சென்ட்தான். ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் மகனுக்கு நிச்சயம் செய்கிறவர் இதை விரும்புவதில் என்ன குற்றம்? நடுக்கல்லையும் சுற்றுக்கல்லையும் கூட்டி ‘66 சென்ட் வைரம்’ என்று ஒரே எண்ணாகச் சொன்னால்தான் அது ஏமாற்று. பில்லில் இரண்டு எடையும் தனித்தனியாக வரட்டும். ஆய்வகத்தில் வளர்த்த கல் என்றால் அதையும் எழுத வேண்டும். முதலாளி எழுதாவிட்டால் நீ வாயால் சொல்லிவிடு.

என் கவலையெல்லாம் சுற்றுக்கல்லைப் பற்றித்தான். நடுக்கல்லை எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பதிப்பார்கள், விழுவது சுற்றுக்கல். அதைப் பிடித்திருப்பது தங்கத்திலேயே கிளப்பி உருட்டிய மணி முனை. ஒரு மணி பெரும்பாலும் இரண்டு கல்லைத் தாங்கும், அது தேய்ந்தால் இரண்டுக்கும் பிடி போச்சு. வேலை முடிந்ததும் 10 மடங்கு லூப்பில் ஒவ்வொரு மணியாகப் பார். பிறகு மோதிரத்தைக் காதோடு சேர்த்து வைத்து விரலால் சுண்டு. கிலுக்கென்று மெல்லிசாகக் கேட்டால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது. அப்படியே கொடுத்தனுப்பாதே.

916 தங்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அந்த 22 காரட் இந்த வேலைக்கு ரொம்ப மெத்து. 18 காரட்டில் தங்கம் 75 சதவீதம், கூடச் சேரும் உலோகம்தான் மணிக்கு உறுதி. 750 முத்திரையைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லு, கேட்பார்கள்.

பின்பக்கத்தை மூடிவிடாதே. வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென ஒட்டும். கிரீஸ் பூசிய மேசையில் மண்ணும் தண்ணீரும் ஓடவிட்டு வைரத்தை மட்டும் பிடித்தெடுத்த சுரங்கங்கள் உண்டு. நம் பக்கத்துப் பெண்களோ தினமும் தேங்காயெண்ணெய் தொடுகிறவர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் துளை திறந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். மூடிக் கிடந்தால் பொலிவு போய்விடும், மோதிரம் போட்டவளும் நாளடைவில் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

விரல் அளவும் கவனம். 1956இல் மாநில எல்லை விழுந்தாலும் சம்பந்தம் எல்லை பார்ப்பதில்லை. மாப்பிள்ளை பாறசாலை, பெண் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் என்றிருக்கும், அளவு போனில் வரும். அதை நம்பிச் செய்யாதே, அவள் போடும் மோதிரம் ஒன்றைக் கேட்டு வாங்கு. பிறகு வளையத்தைப் பெரிதாக்கினால் முதலில் நெகிழ்வது சுற்றுக்கல்தான்.

அடுத்த முறை வடசேரிக்கு வரும்போது நீ பதித்த ஒன்றைக் கொண்டு வா. முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா