நண்பரை அழைத்தல் தகுமா?

சகோதர சங்கங்களில் சேர்ந்துள்ள அன்பர் பலர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தாம் பெற்ற நன்மையைத் தம் நண்பரும் பெறுதல் வேண்டுமென உள்ளம் விழைகின்றது; ஆயினும், ‘நீரும் சேரும்’ என்று சொல்ல நா தயங்குகின்றது. இதனை ஆராயப் பிரீமேசன் சங்கத்தின் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

அச்சங்கத்திற் புகுவோர், தாம் நண்பரின் முறையற்ற தூண்டுதலாலோ, ஊதியம் கருதியோ வந்தவரல்லர் என்றும், சுயேச்சையாகவே வந்தனர் என்றும் சபை முன்னர் உறுதி கூறல் வேண்டும். இங்கே ‘முறையற்ற’ என்னுஞ் சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தூண்டுதல் யாவும் விலக்கப்பட்டிலது. ஆயினும் அங்கத்தினர் பலர் தலைமுறை தலைமுறையாக அச்சொல்லை மறந்து, வாய் திறத்தலே குற்றமென எண்ணி வந்தனர். மகன் கேட்பானெனத் தந்தையும், தந்தை அழைப்பாரென மகனும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த செய்திகள் அவர்களிடையே வழங்குவன. நகைப்புக்குரியதே, ஆனால் இழப்பு மெய்யானது.

1981ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தலைமைச் சபை இதனைத் தெளிவுபடுத்திற்று. தகுதியுடையவரெனக் கருதப்படுபவரிடம், ஒருபாற் சாயாத சொற்களாற் செய்தியைக் கூறலாம். பின்னர் ஒருமுறை நினைவூட்டவும் செய்யலாம். அதன்மேல் வற்புறுத்தாது அவர் முடிவுக்கே விட்டுவிடுதல் வேண்டும். இவ்வொரு முறை என்னும் வரம்பை நாம் மிகவும் மெச்சுகின்றோம். இரண்டாம் நினைவூட்டலுக்குப்பின் நண்பர் சங்கத்தை நோக்கியன்று, நம் முகத்தை நோக்கியே விடை சொல்லத் தொடங்குவார். மறுத்தால் நட்புக் குன்றுமோ என்றஞ்சிச் சேர்பவர் சின்னாளில் வாராதொழிவர். சந்தாவும் நின்றுபோம், நட்பும் நைந்துபோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே புதியவரை ஏற்பதா என்பது வெள்ளை, கறுப்புக் குண்டுகளை இட்டு மறைவாக முடிவு செய்யப்படும். கறுப்புக் குண்டு மிகச் சிலவே விழினும் அவர் விலக்கப்படுவர். ஆகவே, ‘வாரும், சேர்த்துக்கொள்வோம்’ என்பவர், தம் கையில் இல்லாததைத் தருவதாக வாக்களிப்பவராவர். அழைத்து வந்த நண்பரை வாயிலில் திருப்பியனுப்ப நேரின், அவர்க்கு எவ்வாறு முகங்கொடுப்பது?

அமெரிக்காவில் 1959இல் நாற்பது இலட்சத்துக்கு மேலிருந்த பிரீமேசன்கள், 2020 அளவிற் பத்து இலட்சத்துக்குங் குறைந்தனர். நாற்காலிகள் வெறுமையாகக் கண்டு அழைப்பை மிகுவிக்கத் துடிப்போரின் கவலை நமக்கு விளங்குகின்றது. எனினும் நண்பரின் பொருட்டு அழைப்பது வேறு, நாற்காலியின் பொருட்டு அழைப்பது வேறு. அழைக்கப்படுபவர் இவ்வேற்றுமையை விரைவில் உணர்ந்துவிடுவர்.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. ‘தட்டுவோர்க்குத் திறக்கும், நாம் அழைப்பதில்லை’ என்போர் கல்கத்தாவின் பிரசன்ன குமார தத்தரை நினைத்தல் நன்று. ஒருவரும் வற்புறுத்தாமல் அவர் தாமே விரும்பி 1863இல் முயன்றார். இந்து என்னுங் காரணத்தால் தடை எழுந்து, 1872இல்தான் அவர் அனுமதி பெற்றார். தாமே வருவோர்க்கு ஒன்பதாண்டு கதவடைத்த சபை, ‘அழையாமை எம் பெருமை’ என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? நண்பரிடம் பேசுமுன், அவர் வந்தால் நம் கூடத்தில் யாவர் முகஞ் சுளிப்பர் என்பதை அங்கத்தினர் தமக்குள் கேட்டறிதல் வேண்டும். அவ்விடை கிடைத்த பின்னரே அழைப்பைப் பற்றி எண்ண இடமுண்டு.