துபாயில் நாலு நாள் வேலை, ஒன்றரை நாள் ஊர்

அலுவலகம் துபாய்க்கு அனுப்புகிறது என்று தெரிந்ததும் சிலர் கூட்ட அறை, ஹோட்டல், விமான நிலையம் மூன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் வேலையை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு மாலில் திரிகிறார்கள். இரண்டுமே நஷ்டம். துபாய் வியாபாரத்தால் எழுந்த ஊர். அந்த ஊரைக் கால்நடையாகப் பார்த்தவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரைக் கொஞ்சம் கூடுதலாகப் புரியும். அதனால் ஊர் பார்ப்பதை வேலையின் பகுதியாகவே வைத்துத் திட்டமிடுங்கள். மேலாளரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டிய நேரம், டிக்கெட் போடுவதற்கு முன். "வேலை வெள்ளிக்கிழமை மதியம் முடிகிறது. ஞாயிறு இரவு திரும்புகிறேன். வெள்ளி இரவிலிருந்து ஹோட்டல், சாப்பாடு என் செலவு. டிக்கெட் விலை கூடினால் வித்தியாசத்தை நான் கட்டுகிறேன்." இவ்வளவு போதும். பெரும்பாலான நிறுவனங்கள் மறுப்பதில்லை. ஆனால் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு கேள்வி: நிறுவனம் எடுத்த பயணக் காப்பீடு அந்த இரண்டு நாளுக்கும் செல்லுமா? செல்லாது என்றால் சிறிய தொகையில் தனியாக எடுத்துவிடலாம்.

வெள்ளி மதியம் என்று சொல்லக் காரணம் உண்டு. 2022 ஜனவரி முதல் அமீரக அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள். தனியார் நிறுவனங்கள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. பக்கத்து ஷார்ஜாவில் வெள்ளி முழுக்க விடுமுறை. சவூதி, கத்தார், குவைத்தில் இன்னும் வெள்ளி, சனிதான். உங்கள் துபாய்க் கிளை ரியாத் தலைமையிடத்துக்குக் கணக்குச் சொல்லும் கிளை என்றால் முதலில் அவர்கள் காலண்டரைக் கேளுங்கள். எப்படியானாலும் வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தை ஒட்டிக் கூட்டம் வைக்காதீர்கள்.

பெயரும் பையும்

தமிழர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் விசிட் விசாவில் நுழைய முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. உங்களுக்கு ஒற்றைப் பெயர் என்றால் விசா எடுப்பவரிடமும் விமான நிறுவனத்திடமும் முன்னதாகவே எழுதிக் கேட்டுவிடுங்கள். கவுன்ட்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது.

விசா எடுப்பது நிறுவனத்தின் வேலை. எந்த விசா என்று கேட்பது உங்கள் வேலை. விசிட் விசாவில் போய்ப் பேச்சுவார்த்தையில் உட்காரலாம், கண்காட்சி பார்க்கலாம். வாடிக்கையாளரின் இடத்தில் இயந்திரம் பொருத்துவது, அங்கேயே அமர்ந்து வாரக்கணக்கில் வேலை முடித்துக் கொடுப்பது என்றால் விஷயம் வேறு. வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பதை அந்த நாடு குற்றமாகவே பார்க்கிறது. மனிதவளத் துறையிடம் இதை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 14 நாள் விசா இறங்கிய பிறகே கிடைக்கும். கெடுவைத் தாண்டித் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

பையில் கசகசா போகவே கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அம்மா அரைத்துக் கொடுத்த பொடியில் அது கலந்திருக்கலாம்; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடீன் உள்ள இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை ஆகியவற்றுக்கு அந்நாட்டு அரசின் தளத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டும் கையில் இருக்க வேண்டும். "என் தம்பி தேராவில் இருக்கிறான், இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துடுங்க" என்று விமான நிலையத்தில் ஒருவர் கெஞ்சினால் மனம் இளகும். இருந்தாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பிடிபட்டால் சிறை உங்களுக்கு.

சுவரில் இருப்பது பட்டையான மூன்று முள் உள்ள பிரிட்டிஷ் பிளக். அடாப்டர் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் பதறமாட்டார்கள். டீம்ஸ், ஜூம் ஆகியவற்றில் அலுவலகக் கூட்டம் நடத்தலாம். தடையைத் தாண்ட வி.பி.என். போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஹோட்டலை எங்கே எடுப்பது

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் அறை போட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கும் மாலையில் திரும்பவும் நகரும் வாகன வரிசையில் உங்கள் பயணத்தின் பாதி உயிர் போய்விடும். கூட்டம் உலக வர்த்தக மையத்திலோ நிதி மையத்திலோ இருந்தால் பர்ஜுமான் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை கேளுங்கள். சிவப்புப் பாதையும் பச்சைப் பாதையும் சந்திக்கும் நிலையம் அது. சிவப்பு உங்களை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் ஷேக் ஸயீத் சாலைக்குக் கொண்டுபோகும். பச்சை பழைய ஊருக்கு. கராமாவும் பர் துபாயும் பக்கத்திலேயே இருப்பதால் இட்லிக்கும் மீன் குழம்புக்கும் அலைய வேண்டியதில்லை.

மெட்ரோ 2009 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது; ஓட்டுநர் கிடையாது. பயணச் சீட்டுக்குப் பதிலான நோல் கார்டு 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கே இருக்கும். பெட்டிக்குள் தண்ணீர் குடித்தாலோ சூயிங் கம் மென்றாலோ அபராதம். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அபராதம். தரையில் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், பார்த்து ஏறுங்கள்.

ஹோட்டலில் நுழையும்போது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். நிறுவனம் அறை வாடகையைக் கட்டியிருந்தாலும் டூரிசம் திர்ஹாம் என்ற கட்டணத்தை, ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை, உங்களிடம் கேட்கலாம். கடைசி இரண்டு இரவும் என் செலவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? பில்லை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவு உங்களை மதிக்கும்.

அறைக்குள்ளே

அமீரகத்தில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டவர்கள். மேசைக்கு எதிரே லெபனான்காரர், எகிப்தியர், மலையாளி, பிலிப்பினோ, பிரிட்டிஷ்காரர் என்று யாரும் இருக்கலாம். அரபு முறை என்று ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போவதைவிடச் சில நுணுக்கங்கள் போதும். எதிரே இருப்பவர் பெண் என்றால் அவர் கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள். இல்லாவிட்டால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் மரியாதைதான். உள்நாட்டவர் அலுவலகத்தில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா காபியும் பேரீச்சையும் வரும். சிறிய கிண்ணத்தை வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றிவிடுவார்கள். அந்த முதல் பத்து நிமிடம் குடும்பம், பயணம், ஊர் என்றுதான் பேச்சு போகும். அவசரப்பட்டு லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

ரமலான் மாதத்தில் வேலை நேரம் நாளுக்கு இரண்டு மணி குறைகிறது. முக்கியமான பேச்சைக் காலையிலேயே வையுங்கள். நோன்பிருப்பவர் முன்னால் தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

சென்னைக்கும் கொழும்புக்கும் துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். ஊரில் மாலை 6:30க்கு அலுவலகம் முடியும்போது அங்கே மணி 5. அதற்கு மேல் சென்னையிலிருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த மாலைதான் உங்களுடையது.

க்ரீக்கில் ஒரு மாலை

ஒரே ஒரு மாலைதான் கிடைத்தது என்றால் புர்ஜ் கலீஃபாவை விட்டுவிட்டு க்ரீக்குக்குப் போங்கள். ஊரைப் பிளந்துகொண்டு உள்ளே நுழையும் கடல்நீர்க் கழி அது. துபாயின் கதை அங்கேதான் தொடங்குகிறது. துபாயில் எண்ணெய் கிடைத்தது 1966இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மணல் சேர்ந்து கப்பல் நுழைய முடியாமல் கிடந்த இந்தக் கழியைக் கடன் வாங்கித் தூர் வாரி ஆழப்படுத்தினார் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம். எண்ணெய்ப் பணம் வந்து துறைமுகம் கட்டியதாகப் பலரும் நினைக்கிறார்கள். இங்கே வணிகம் முந்திக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுங்கவரியை நீக்கி வளைகுடாவின் எதிர்க்கரைப் பாரசீக வணிகர்களை இங்கே இழுத்த ஊர் இது. வரியில்லா வணிக மண்டலங்கள் பற்றி வாடிக்கையாளர் பேசும்போது அந்தப் பேச்சுக்கு நூறு ஆண்டு வயது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அல் ஃபஹீதியில் தொடங்குங்கள். பாரசீக வணிகர்கள் கட்டிய வீடுகள். கூரை மேல் நாலு பக்கமும் திறந்த காற்றுக் கோபுரங்கள், பர்ஜீல் என்பார்கள். மின்விசிறி வராத காலத்தில் எந்தத் திசைக் காற்றையும் பிடித்து அறைக்குள் இறக்கிய பொறியியல் அது. அந்தப் பகுதியில் அல் உஸ்தாத் என்ற ஈரானியக் கபாப் கடை 1978 முதல் நடக்கிறது. பசித்தால் அங்கே சாப்பிடுங்கள். துணிச் சந்தை வழியாகப் படித்துறைக்கு வந்து அப்ராவில் ஏறுங்கள். மரப்படகு, ஒரு திர்ஹாம். நாணயத்தைப் படகோட்டியின் கையில் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தால் சில நிமிடத்தில் எதிர்க்கரையான தேரா. இந்த ஊரில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் நல்ல விஷயத்தை எனக்குத் தெரியாது.

தேராக் கரையில் பாய்மரக்கல வழிவந்த மரக்கப்பல்கள் அணைந்து நிற்கும். டயர், குளிர்பதனப் பெட்டி, துணி மூட்டை என்று ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் இன்றும் சரக்குப் போகிறது. உள்ளே நுழைந்தால் மசாலாச் சந்தை: குங்குமப்பூ, சாம்பிராணி, உலர்ந்த எலுமிச்சை. அதைத் தாண்டித் தங்கச் சந்தை. இந்தக் கடைகளில் ஒரு காலத்தில் நம் ரூபாயே ஓடியது. 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் இங்கே அதைக் கைவிட்டார்கள். திர்ஹாம் பிறந்தது 1973இல். அடுத்த நாள் கூட்டத்தில் "நேற்று அப்ராவில் போனேன்" என்று தொடங்கிப் பாருங்கள். எதிரே இருப்பவர் அந்த ஊரில் பிறந்தவர் என்றால் அவருடைய அப்பா, தாத்தா பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்.

தங்கம் வாங்குவது உங்கள் விருப்பம். ஒன்று மட்டும்: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிற இந்தியர்களுக்கான நகைச் சலுகை ஒரு வாரப் பயணத்துக்குக் கிடையாது. சக ஊழியர்களுக்குப் பேரீச்சை போதும், எல்லோருக்கும் பிடிக்கும்.

மீதி ஒன்றரை நாள்

சனிக்கிழமை காலை புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர், 2010 ஜனவரியில் திறந்தார்கள். சூரியன் மறையும் நேரச் சீட்டுக்கு விலை அதிகம், காலையில் குறைவு, கூட்டமும் குறைவு. ஒரே ஓர் உயரத்துக்குத்தான் பணம் என்றால் என் தேர்வு ஸபீல் பூங்காவில் நிற்கும் துபாய் ஃப்ரேம். 150 மீட்டர்தான்; ஆனால் ஒரு பக்கம் தேராவும் கராமாவும், மறுபக்கம் கண்ணாடிக் கோபுரங்களும் தெரியும். பழையதும் புதியதும் ஒரே பார்வையில் வேறெங்கும் இப்படிக் கிடைக்காது. எதிர்கால அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் ஜன்னல்களே அரபு எழுத்துகள். எமிரேட்ஸ் டவர்ஸ் நிலையத்தில் இறங்கி இருட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்தாலே கண் நிறையும்.

ஞாயிறு அபுதாபிக்குப் போய்வரலாம், பேருந்து உண்டு. ஷேக் ஸயீத் பெரிய பள்ளிவாசலில் நுழைவு இலவசம், முன்பதிவு கட்டாயம். கையும் காலும் மூடிய உடை, பெண்களுக்குத் தலையில் துணி. இரவு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு துபாய் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால் மதியமே திரும்பிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இதில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வெயிலில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் அண்ணாந்து பார்க்கும் கோபுரங்களைக் கட்டியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. அறையில் ஒரு கட்டில் அளவு இடத்தை வாடகைக்கு எடுத்து, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். டாக்ஸியிலோ ஹோட்டல் வாசலிலோ தமிழ் கேட்டால் நின்று பேசுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். சொந்தக்காரரோ பள்ளித் தோழரோ அங்கே இருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். பில் உங்களுடையதாக இருக்கட்டும். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். அங்கே அது சட்டப்படியும் தவறு.

கடைகளில் 250 திர்ஹாமுக்கு மேல் வாங்கிய பொருளுக்கு, பயணிகளுக்கான பில்லைக் கேட்டு வாங்கியிருந்தால், 5 சதவீத வாட் வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்பே அந்தக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். பொருளைக் காட்டச் சொல்லலாம்.

திரும்பி வந்த இரண்டு நாளுக்குள் அறிக்கையை அனுப்பிவிடுங்கள். பேசிய ஆட்கள், ஒப்புக்கொண்ட விஷயங்கள், அடுத்த தேதி. கடைசியில் ஒரு பத்தி சந்தையைப் பற்றி: உங்கள் பொருளை எந்தக் கடையில் பார்த்தீர்கள், என்ன விலை, பக்கத்தில் எந்த நாட்டுப் பொருள் இருந்தது. தேராவில் நடந்தவரால்தான் அந்தப் பத்தியை எழுத முடியும். அடுத்த முறை யாரை அனுப்புவது என்று மேலாளர் யோசிக்கும்போது அவர் எடுத்துப் பார்ப்பதும் அதைத்தான்.