குரலும் குழலும்

பாட்டிலே சொல் தலைமையுடையதோ, பண் தலைமையுடையதோ என்னும் வினா மிகப் பழையது. புலவர் அவையிற் புகுந்து வினவின், சொல்லே உயிர், பண் அதற்கு உடல் என்பர். இசைவாணர் அவையிற் புகுந்து வினவின், பண்ணே கொடி, சொல் அது படரும் கொழுகொம்பு என்பர். இவ்விரு சாராரின் வழக்கிற்கும் நடுவே நின்று வேறொரு விடை கூறும் சிறிய இசைநூல் ஒன்று 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேயத்தில் எழுந்தது. 'பிளேக்கின் பத்துப் பாடல்கள்' என்பது அதன் பெயர். அதனைப் பாட ஒரு குரல் வேண்டும். உடன் இசைக்க ஓபோ என்னும் குழல் ஒன்று வேண்டும். வேறு கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. அது கூறும் விடை யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டார் கருவியிசையைப் பல்லிய இசை, அறையிசை எனப் பிரித்துப் பேசுவர். பல பத்துப் பேர் ஒருங்கு கூடிப் பேரரங்கில் இசைப்பது முன்னது. இருவர் முதலாகச் சிலர், பகுதிக்கு ஒருவராக அமர்ந்து, ஓர் அறையளவிற் கேட்போர்க்கு இசைப்பது பின்னது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியிலே தனிக்குரற் பாடல்கள் பெருகியபோது, பியானோ அவற்றின் நீங்காத் துணையாயிற்று. பிரான்ஸ் ஷூபர்ட் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டாகிய 1828இல் இயற்றிய 'பாறைமேல் இடையன்' என்னும் பாடலிற் கிளாரினெட் என்னும் குழலையும் சேர்த்தார். ஆயினும் பியானோவை நீக்கினாரல்லர். பியானோ ஒரே காலத்திற் பல சுரங்களை ஒலித்துப் பாடுவோனுக்குக் கால் ஊன்ற நிலம் அமைத்துத் தருவது. அந்நிலத்தை நீக்கிக் குரலையும் ஒற்றைக் கருவியையும் வெறுவெளியில் நிறுத்தும் துணிவு 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. முதல் உலகப்போர்க் காலத்திற் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்பார் குரலுக்கும் வயலினுக்குமாக நான்கு பாடல்கள் இயற்றினார். நாம் ஆராயப் புகுந்த நூலின் ஆசிரியராகிய ரால்ப் வான் வில்லியம்ஸ் அவர்தம் ஆருயிர் நண்பர்.

நூலுட் புகுமுன் கருவியை அறிதல் வேண்டும். ஓபோ நம் நாகசுரத்திற்கு இயல்பால் உறவினது. இரண்டும் வாய்ப்புறம் குறுகி அடிப்புறம் வரவர விரியும் துளையுடையன. இரண்டும் நாணலைச் சீவி இணைத்த இரட்டை நாவினால் ஒலிப்பன. நாகசுரக்காரர் சீவாளி என வழங்கும் உறுப்பு ஓபோவிற்கும் உண்டு. ஆயின் நாகசுரம் வீதியும் திருச்சுற்றும் நிறைய முழங்குவது. ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளமுடைய ஓபோ, ஒருவர் அறையில் இருந்து மனமுருகிப் பேசுவதுபோல ஒலிக்கவல்லது. சொல் ஒழிந்த மனிதக்குரல் என்று அதனைக் கூறலாம்.

இக்கருவியை ஊதுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சீவாளியின் துளை மிக நுண்ணியதாகலின், உள்வாங்கிய காற்றிற் சிறுபகுதியே அதன்வழிச் செல்கின்றது. பாடுவோன் மூச்சுக் குறைந்து வருந்துகின்றான். ஓபோ ஊதுவோனோ பயன் கழிந்த மூச்சு மார்பிற் தேங்கி நிற்ப வருந்துகின்றான். அவன் புதுமூச்சு வாங்குமுன் பழமூச்சை விடுதல் வேண்டும். ஒருவனுக்கு இன்மை இடர். மற்றவனுக்கு மிகுதி இடர். இருவர்க்கும் மருந்து ஓய்வு ஒன்றே. ஆகவே இவ்விருவர்க்கும் இசை அமைக்கப் புகுவோன், ஒலியை வகுத்தற்கு முன் மௌனத்தை வகுக்கக் கற்றல் வேண்டும்.

இனிப் பாட்டின் ஆசிரியரைக் காண்போம். வில்லியம் பிளேக் 1757ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தவர், செப்புத்தகட்டிற் சித்திரம் செதுக்கும் தொழிலால் வாழ்ந்தவர், 1827இல் இறந்தவர். 'கபடறியாமையின் பாடல்கள்' என்னும் தம் நூலை 1789இல் வெளியிட்டார். 1794இல் 'பட்டறிவின் பாடல்கள்' என்பதனை அதனோடு சேர்த்து ஒரு நூலாக்கினார். சொல்லையும் சித்திரத்தையும் ஒரே தகட்டிற் பொறித்து அச்சிட்டு வண்ணந் தீட்டினமையால், அவர் நூலிற் பாட்டு வேறு படம் வேறு எனப் பிரித்தல் இயலாது. அவர் தம் பாடல்களைத் தாமே மெட்டமைத்துப் பாடினர் என்றும் அவர் காலத்தார் குறித்துள்ளனர். அம்மெட்டுக்கள் இன்று கிடைத்தில.

வான் வில்லியம்ஸ் 1872இற் பிறந்தவர். திருச்சபைக் குருவின் மகனார். 1906இல் வெளிவந்த 'ஆங்கிலக் கீர்த்தனைத் திரட்டு' என்னும் பாமாலைக்கு இசைப்பதிப்பாசிரியராய் இருந்தவரும் இவரே. மரித்த பரிசுத்தவான்களை நினைந்து ஆங்கில வழிபாடுகளிற் பாடப்பெறும் கம்பீரமான 'சைனே நோமினே' என்னும் மெட்டு இவர் அமைத்தது. ஆயினும் இவர் கடவுட்கொள்கையிற் துணிவு பெறாத ஐயநிலையினராகவே வாழ்ந்தார் என்பது வியப்பிற்குரியது. பிளேக் பிறந்து இருநூறாண்டு நிறைவுற்றதை முன்னிட்டு எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்திற்கென இப்பத்துப் பாடல்களுக்கும் இவர் இசை அமைத்தார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தைந்து, செவிப்புலனும் குன்றியிருந்தது. பாடகர் வில்பிரட் பிரவுன், ஓபோக் கலைஞர் ஜேனட் கிராக்ஸ்டன் ஆகிய இருவர்க்கும் இந்நூலை உரிமையாக்கினார். 1958 அக்டோபர்த் திங்களில் இது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அதற்கு முன்னரே, ஆகஸ்ட் 26ஆம் நாள், அவர் உயிர் நீத்தார்.

நிற்க. பத்துப் பாடல்களின் வைப்புமுறையை நோக்குவோம். முதலாவது, பிறந்து இரண்டே நாளான குழவியின் மகிழ்ச்சியைப் பாடுவது. இரண்டாவது, பகைவனிடத்து வெளியிடாது மனத்துள் வளர்த்த சினம் நச்சுமரமாகி, கனி ஈன்று, அப்பகைவனையே மாய்த்த கதை. மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோலாவது. அதிலே குழலூதும் ஒருவன் பள்ளத்தாக்கின் வழியே ஊதி வருகின்றான். முகிலின்மேல் ஒரு குழந்தை தோன்றி, ஆட்டுக்குட்டியைப் பற்றி ஊதுக என்கின்றது. அவன் ஊதுகின்றான், குழந்தை அழுகின்றது. பின்னர், குழலை வைத்துவிட்டு வாயாற் பாடுக என்கின்றது. அவன் பாடுகின்றான், குழந்தை மகிழ்ச்சியால் அழுகின்றது. பின்னர், யாவரும் படிக்க எழுதுக எனக் கூறி மறைகின்றது. அவன் ஒரு நாணலை ஒடித்து எழுதுகோல் செய்து, நீரைக் கலக்கி மையாக்கி எழுதுகின்றான். குழல், குரல், எழுத்து என்னும் மூன்று படிகள் இங்கே காணப்படுகின்றன. ஓபோவிற்கு நாவாகும் நாணல் புலவனுக்கு எழுதுகோலாகும் நாணலுக்கு இனமானது என்பதை நினையுந்தோறும் இன்பம் பயக்கின்றது.

குழலை வைத்துவிடுக என்று அக்குழந்தை இட்ட கட்டளையை இசையாசிரியர் மறந்திலர். அடுத்த பாடலிலேயே ஓபோ வாய்மூடுகின்றது. அது 'இலண்டன்' என்னும் பாடல். அந்நகரின் தெருக்களில் நடக்கும் ஒருவன், எதிர்ப்படும் முகந்தோறும் துயரத்தின் குறிகளைக் காண்கின்றான். மனமே தனக்குச் செய்துகொண்ட விலங்கின் ஒலியைக் கேட்கின்றான். புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் கூக்குரலும், போர்வீரனின் பெருமூச்சும், நள்ளிரவிற் பரத்தையின் சாபமும் அவன் செவியில் விழுகின்றன. இவையனைத்தையும் குரல் தன்னந்தனியே பாடுகின்றது. ஆறாவதாகிய 'மேய்ப்பன்' என்னும் பாடலிலும் ஓபோ இல்லை; ஒன்பதாவதாகிய 'தெய்வ சாயல்' என்பதிலும் இல்லை. ஏனைய ஏழிலும் உண்டு.

ஊதுவோனுக்கு மூச்சு ஓய்வு வேண்டியே இவ்வாறு செய்தனர் எனச் சிலர் கூறக்கூடும். ஓய்வு வேண்டும் என்பது உண்மையே. ஆயின் அவ்வோய்வை எப்பாடலிலும் வைத்திருக்கலாம். இம்மூன்றினையே தேர்ந்ததன் காரணம் யாது? மேய்ப்பனைப் பாடும் பாட்டிற் குழல் ஒலித்தலே உலக வழக்கு. இசையாசிரியரோ அவ்விடத்திற் குழலை விலக்குகின்றார். காரணம் பாட்டினுள்ளேயே உளது என்பது என் கருத்து. அம்மேய்ப்பன் குழலூதவில்லை, குட்டியின் அழைப்பையும் தாயாட்டின் மறுமொழியையும் கேட்டிருக்கின்றான். இலண்டன் தெருவில் நடப்பவன் செயலும் கேட்டலே. பிறருடைய குரலைக் கேட்கவேண்டிய இடத்தில் நம் கையிலுள்ள குழலை இறக்கி வைத்தல் வேண்டும். துன்புறுவோர் கூக்குரலுக்கு அணி வேண்டுவதில்லை.

இடையே ஐந்தாவதாக வரும் 'ஆட்டுக்குட்டி' பற்றியும் ஒன்று கூறவேண்டும். அப்பாட்டு வான் வில்லியம்ஸுக்குச் சிறிதும் பிடித்தமில்லாதது. ஆயினும் ஒரு நாட் காலை அதற்குரிய மெட்டு மனத்தில் ஒலிக்கவே விழித்தெழுந்தார் என அவர்தம் மனைவியார் ஊர்சுலா எழுதியுள்ளார். விருப்பும் வெறுப்பும் கலைக்கு வேலியாகா என்பதற்கு இது சான்றாகும்.

ஏழாவது, கதிரவன் செல்லும் வழியையே நோக்கி ஏங்கி நிற்கும் சூரியகாந்தியைப் பாடுவது. எட்டாவதும் ஒன்பதாவதும் ஒன்றற்கொன்று மறுதலையானவை. கொடுமைக்கு மனித இதயம் உண்டு, பொறாமைக்கு மனித முகம் உண்டு என்று கூறுவது எட்டாவது. பிளேக் இதனைத் தகட்டிற் பொறித்தும், தம் நூலின் பெரும்பாலான படிகளிற் சேர்த்திலர். இரக்கத்திற்கு மனித இதயம் உண்டு, பரிவிற்கு மனித முகம் உண்டு என்று கூறுவது ஒன்பதாவது. ஏறத்தாழ ஒரே சொற்கள். பொருளோ இருளும் ஒளியும். கொடுமையைப் பாடுங்கால் ஓபோ உடன் ஒலிக்கின்றது. இரக்கத்தைப் பாடுங்கால் அது மௌனமாகின்றது. மனிதக்குரல் மாத்திரமே எஞ்சுகின்றது. மனித உருவே இரக்கத்தின் உருவம் எனின், அதனைப் பாட மனிதக்குரலுக்கு மேற்பட்டதொரு துணை வேண்டுமோ? இதனினும் சிறந்த உரை இப்பாட்டிற்கு எழுதப்படும் எனத் தோன்றவில்லை. அவ்வுரையும் சொல்லால் எழுதப்பட்டதன்று, சொல்லாமையால் எழுதப்பட்டது.

அப்பாட்டின் முடிவிலே பிளேக் ஒரு சொற் கூறுகின்றார். எத்தேயத்தவர் ஆயினும், யூதரோ துருக்கரோ அஞ்ஞானிகளோ ஆயினும், எல்லாரிடத்தும் மனித உருவை நேசித்தல் வேண்டும். அன்பும் இரக்கமும் எங்கு உறைகின்றனவோ அங்குக் கடவுளும் உறைகின்றார் என்பது அதன் கருத்து. அஞ்ஞானிகள் என்னும் சொல்லை மிஷன் ஏடுகள் எவ்வளவு எளிதில் வழங்கிவந்தன என்பதை அறிந்த எனக்கு, 1789ஆம் ஆண்டில் அச்சொல்லை எடுத்து, அதனாற் குறிக்கப்பட்டாரிடத்தே கடவுளைக் கண்ட கிறிஸ்தவப் புலவர் ஒருவர் இருந்தார் என்பது பெரிய ஆறுதலாயிற்று. ஒரே வகுப்பில் என்னருகே அமர்ந்து தமிழ் பயிலும் நண்பர் பலர் வேறு சமயத்தினர். அவர்களிடம் என் சமயத்தைப் பற்றிப் பேச நான் கற்றுள்ளேன். அவர்கள் பேசுங்கால் என் குழலை வைத்துவிட்டுக் கேட்கக் கற்றேனோ என்று என்னையே வினவிக்கொள்கின்றேன்.

இறுதிப் பாடலில் ஓபோ மீண்டும் வருகின்றது. இன்பத்தைத் தனக்கெனக் கட்டி வைப்பவன் அதன் சிறகை ஒடிக்கின்றான். பறந்து செல்லுங்கால் அதனை முத்தமிட்டு விடுப்பவன் நித்தியத்தின் விடியலில் வாழ்கின்றான் என்னும் பொருளோடு அப்பாட்டுத் தொடங்குகின்றது. குரலும் குழலும் மறுபடியும் கூடி நூலை முடிக்கின்றன.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். சொல்லும் பண்ணும் தலைமைக்குப் போரிடும் பகைவர் அல்ல. முறையறிந்து பேசும் நண்பர். ஒருவர் பேச மற்றவர் கேட்பதும், வேண்டுமிடத்து ஒருவர் முற்றும் விலகி நிற்பதுமே அவர்தம் நட்பின் இலக்கணம். பேசத் தெரிந்த குழல்கள் பல. மௌனமாக இருக்கத் தெரிந்த குழலையே இப்பத்துப் பாடல்களிற் கேட்கின்றோம்.