குருதிச்சோகையும் குடலும்

முகம் வெளிறி, படியேறும்போது இளைப்புற்று வரும் ஒருவருக்கு இரும்புச் சத்துக் குறைந்துள்ளதென்று அறிதல் ஆராய்ச்சியின் தொடக்கமேயாம். அவ்விரும்பு எவ்வழியே போயிற்று என்பதே அடுத்து எழவேண்டிய வினா.

உடலின் இரும்புக் கணக்கைச் சிறிது நோக்குவோம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. நாள்தோறும் உணவிலிருந்து முன்சிறுகுடல் வழியாக உட்செல்வது 1 அல்லது 2 மில்லிகிராம் மாத்திரமே. ஒரு மில்லிலீற்றர் குருதியிலோ ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உளது. ஆகவே, நாளொன்றுக்கு 10 மில்லிலீற்றர், அஃதாவது இரண்டு தேக்கரண்டியளவு குருதி குடலிற் கசியுமாயின், 5 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். வரவினும் செலவு மிகவே, சேமிப்பு மெல்ல வற்றும். இத்துணைச் சிறு கசிவு பெரும்பாலும் மலத்தைக் கருநிறமாக்காது, வலியும் தராது.

சுவிட்சர்லாந்தில் 1872 முதல் 1882 வரை சென் கொதாட் மலையைக் குடைந்து, 15 கிலோமீற்றர் நீளமான புகையிரதச் சுரங்கம் அமைத்தனர். தொழிலாளர் பலர் வெளிறி மெலிந்தனர். சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணமென்று பலர் எண்ணினர். 1880ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள், இறந்த தொழிலாளி ஒருவரின் குடலை ஆராய்ந்தபோது, அதன் உட்சுவரில் கொக்கிப்புழுக்கள் திரளாக இருக்கக் கண்டனர். இலங்கையின் தோட்டத் தொழிலாளரையும் நெடுங்காலம் வாட்டியவை இத்தகைய புழுக்களே.

புழுவன்றிப் பிற காரணங்களும் உள. அஸ்பிரின் போன்ற மருந்துகளும், ஹெலிக்கோபக்ரர் என்னும் பற்றீரியாவும் இரைப்பையிற் புண் விளைப்பன. கோதுமைப் புரதம் ஒவ்வாத சிலருக்குச் சிறுகுடலின் உட்சுவர் சிதைந்து, இரும்பை உறிஞ்சும் ஆற்றல் குன்றும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பெருங்குடலின் வலப்பாகத்திற் புற்றுநோய். அவ்விடம் அகன்றது, அங்குள்ள மலமும் இளகியது. எனவே அடைப்பு எளிதில் உண்டாகாது. குருதிச்சோகையே அந்நோயின் முதல் அறிகுறியாய்த் தோன்றலாம்.

ஆராயும் முறையும் ஓர் ஒழுங்குடையது. முதலிற் குருதியிலுள்ள பெரிற்றின் அளவை அறிந்து, இரும்புக் குறைவை உறுதிசெய்வர். பின்னர் உணவு, உட்கொண்ட மருந்து, பெண்களாயின் மாதவிடாய் ஆகியவற்றை வினவுவர். மலத்திற் புழுமுட்டை உண்டோவென்றும், குருதியிற் கோதுமை ஒவ்வாமையின் அடையாளம் உண்டோவென்றும் சோதிப்பர். ஆடவர்க்கும் மாதவிடாய் நின்ற மகளிர்க்கும் வேறு காரணம் தெளிவாகாதவிடத்து, விளக்குடைய நெகிழ்குழாயை வாய்வழியாகவும் குதவழியாகவும் செலுத்தி, இரைப்பையையும் பெருங்குடலையும் நேரிற் காண்பர். அங்கும் காரணம் புலப்படாது சோகை நீடிப்பின், விழுங்கத்தக்க சிறு படக்கருவியாற் சிறுகுடலை நோக்குவர்.

இரும்பு மாத்திரையாற் சோகை நீங்கலாம். ஆயினும் கசிவின் மூலம் நீங்கியதென்று கொள்ளற்க. ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்து, குடம் நிறைந்ததென மகிழ்வார் உளரோ? மாணவர் இதனை ஒரு கணக்காகக் கற்க. நடுவயது கடந்த பழைய மாணவர் ஓர் எச்சரிக்கையாகக் கொள்க. காலத்தோடு கண்ட புற்றுநோய் பெரும்பாலும் மாற்றத்தக்கதே.