எழுதி வைத்தால்தான் எடை கூடும்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். முடிவைப் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதுவதற்கு முன், "தினமும் எவ்வளவு நேரம் சார் உடற்பயிற்சி செய்றீங்க?" என்று கேட்டார். வகுப்பறைக்கும் ஆசிரியர் அறைக்கும் இடையே நடப்பதைத் தவிர என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு வயது 46. கணித ஆசிரியர். நின்றுகொண்டே பாடம் நடத்துவதைப் பெரிய உடலுழைப்பு என்று நம்பி வந்தவன்.

நடைப்பயிற்சி மட்டும் போதாது, எடைப் பயிற்சியும் வேண்டும் என்றார் அவர். நாம் உண்ணும் உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைகள்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது.

அருகிலிருந்த ஜிம்மில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். பணம் கட்டிவிட்டால் மனம் தானாக வரும் என்று ஒரு கணக்கு. முதல் வாரம் மாஸ்டர் சொன்னதற்கு இரு மடங்கு செய்தேன். மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் வலி கூடியது. கரும்பலகையின் மேல் பகுதியில் எழுதக் கை உயரவில்லை. மூன்றாவது வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. வகுப்பில் மட்டும் வழக்கம்போல, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா என்னடா?" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் மீண்டும் போனேன். காலை ஐந்தரை மணி. அங்கே என் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கடைசி பெஞ்சுக்காரன்தான். காலாண்டுக்கு முந்தைய தேர்வில் 50க்கு 9 வாங்கியவன்; படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பதாக வகுப்பாசிரியர் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் சங்கடம். கொஞ்ச நேரம் கழித்து அவனே அருகில் வந்தான்.

"போன தடவை எத்தனை கிலோ சார் போட்டீங்க?"

"ஞாபகம் இல்லையேப்பா."

"அப்போ இன்னைக்கு எதுக்கு மேல சார் கூட்டுவீங்க?"

அவன் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, பயிற்சியின் பெயர், எடை, எத்தனை தடவை என நான்கு கலம். கோணலான கையெழுத்து, ஆனால் ஒரு நாள்கூட விடுபடவில்லை. என் பாடத்தில் அட்டவணை வரையத் தெரியாது என்று நான் முடிவு கட்டியிருந்த பையன்.

இளவட்டக்கல்லும் பிளேட்டும்

தென் மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அது கூடவும் கூடாது, குறையவும் குறையாது. தூக்க முடிந்தவன் தூக்குவான். மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நம் பொதுத்தேர்வுக்கும் அதற்கும் கொஞ்சம் ஜாடை உண்டு என்று எனக்குத் தோன்றும்.

ஜிம்மில் அந்தக் கல்லையே துண்டு துண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கம்பி மட்டும் 20 கிலோ. இரு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போட்டால் 22.5 ஆகிறது. இப்படிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதை முறையான சிகிச்சையாக்கியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு அவர் சிகாகோவிலிருந்த ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை அளித்தார். லேசான எடையைப் பல தடவை தூக்க வைப்பதே அன்றைய வழக்கம். டிலார்மோ பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற அளவுக்குக் கனமான எடையைக் கொடுத்தார். வாரந்தோறும் அந்த எடை எவ்வளவு என்று மறுபடி அளந்தார். 1945இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து மூன்று செட், ஒவ்வொன்றிலும் பத்து தடவை என்று சுருக்கினார். இன்று எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் மாஸ்டர், "மூணு செட் போடுங்க" என்பார். அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

கண்ணை மூடிக் கோடு போட்டால்

பி.எட். படித்த காலத்தில் தார்ன்டைக்கின் மூன்று விதிகளை மனப்பாடம் செய்திருப்போம். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோன ஒரு செய்தி உண்டு: தம் பயிற்சி விதியைத் தார்ன்டைக்கே 1930களில் திருத்திக்கொண்டார். கண்களை மூடிக்கொண்டு நான்கு அங்குலக் கோடு போடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். பல நாள்கள், ஆயிரக்கணக்கான கோடுகள். போட்ட கோடு சரியா, நீளமா, குட்டையா என்று யாரும் சொல்லவில்லை. முன்னேற்றமும் இல்லை. விளைவு தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் கற்றல் நடப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

நோட்டு இல்லாமல் நான் செய்த பயிற்சி அந்தக் கோடுதான். மாணவர்களை வாய்ப்பாடு பத்து தடவை எழுதச் சொல்லிவிட்டு, திருத்தாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிய நாள்களும் நினைவுக்கு வந்தன. எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் சில வாரங்களில் தூக்கும் எடை கூடும், ஆனால் கை பருக்காது. அப்போது கூடுவது பெரும்பாலும் தசையின் அளவு அல்ல. இருக்கும் தசையைச் சேர்த்து இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. கண்ணாடியை மட்டும் பார்ப்பவர் இந்தக் கட்டத்தில் சோர்ந்து நின்றுவிடுகிறார். இல்லையென்றால் பவுடர் டப்பா வாங்குகிறார். இதை மாணவர்களிடம் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். உடலை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. முட்டையும் சுண்டலும் பருப்பும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே வந்துவிட வேண்டும்.

எவ்வளவு அழுத்துவது?

"கடுமையாக உழை" என்பது அளவில்லாத சொல். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் அதற்கு ஓர் அளவுகோல் செய்தார். பயிற்சி செய்பவரே தாம் உணரும் கடினத்துக்கு 6 முதல் 20 வரை எண் கொடுக்க வேண்டும். ஜிம்மில் இதைவிட எளிய கேள்வி புழங்குகிறது: "இன்னும் எத்தனை தடவை முடியும்?" ஐந்து, ஆறு என்றால் எடை போதவில்லை. ஒன்றோ இரண்டோ என்றால் அன்றைக்கு அது சரியான எடை. முதுகு வளைகிறது, மூச்சை அடக்கி இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும், பக்கத்தில் யார் நின்று பார்த்தாலும் சரி.

நான் கடைப்பிடிப்பது இது. மூன்று செட்டிலும் 12 தடவை ஒழுங்காக வந்து, அடுத்த முறையும் அப்படியே வந்தால்தான் 2.5 கிலோ கூட்டுவேன். கூட்டியதும் எண்ணிக்கை எட்டு, ஒன்பதாக இறங்கும். அங்கிருந்து மறுபடி 12 நோக்கி ஏறுவேன். ஒரே தசைக்கு இரண்டு நாள் இடைவெளி. தசை களைப்பது வேறு, மூட்டு சுருக்கென்று வலிப்பது வேறு. இரண்டாவது வந்தால் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாற்பது கடந்த ஆசிரியர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குவது நல்லது. பெஞ்ச் பிரஸ்ஸில் வெறும் கம்பியோடு தொடங்கிய நான் எட்டு மாதத்தில் 42.5 கிலோவுக்கு வந்தேன். கல்லூரிப் பையன்கள் கைசூடேற்றப் போடும் எடை அது. எனக்குப் போதும்.

மனம் வராத நாள்

வரும். மதிப்பீட்டுப் பணி, கணக்கெடுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த நாள்களில் வார்ம்-அப் மட்டும் செய்துவிட்டுத் திரும்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்புவேன். பெரும்பாலும் முழுதும் முடித்துவிட்டுத்தான் வருவேன். திரும்பி வந்ததும் உண்டு. துணை இருப்பது இன்னும் நல்லது. சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிட மற்றவர்களோடு ஓட்டும்போது வேகம் கூடுவதை 1898இலேயே நார்மன் டிரிப்லெட் எழுதியிருக்கிறார். என் துணை ஒரு பதினோராம் வகுப்பு மாணவன். நான் வராத நாளில் அவன் வகுப்பில் என்னை ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

வகுப்பறையில்

அவனுடைய கணித விடைத்தாள்களை வேறு மாதிரி திருத்தத் தொடங்கினேன். மதிப்பெண்ணுக்குக் கீழே, எந்தப் படிவரை சரியாக வந்தான், எந்தப் படியில் நின்றான் என்று ஒரு வரி. அடுத்த வாரத்துக்கு அந்தப் படியை மட்டும் தாண்டுகிற ஐந்து கணக்குகள். இருபது அல்ல, ஐந்து. இரண்டு வாரத்தில் அவன் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, அதே நான்கு கலம் போட்டுவிட்டான்: தேதி, பாடம், கணக்கு, எத்தனை சரி. முன்பக்கம் ஸ்க்வாட், பின்பக்கம் முக்கோணவியல். இதைப் பார்த்து இன்னும் ஆறு பேர் நோட்டு போட்டார்கள். இரண்டு பேர் விட்டுவிட்டார்கள்.

அவனுடைய மதிப்பெண்கள் 9, 14, 13, 21 என்று வந்தன. ஜனவரித் தேர்வில் 17. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் நோட்டை எடுத்து 17 என்று எழுதி, பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். "ரெண்டு நாள் தூக்கம் இல்லை. சைன் விதி சரி. கொசைன் விதி மறுபடி" என்று இருந்தது.