பாட்டியின் கைவைத்தியம்

ஆண்டிறுதி மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தும்மிக்கொண்டே இருப்பார். அந்த ஒலி கேட்டதும் பாட்டி கொல்லைப்புறத்திற்குச் சென்றுவிடுவார். அங்கே துளசியும் கற்பூரவல்லியும் தொட்டிகளில் செழித்து வளர்ந்திருக்கும்.

பாட்டி கசாயம் செய்வதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 3 குவளை நீரில் விரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போடுவார். அதனுடன் 10 துளசி இலைகள், 2 கற்பூரவல்லி இலைகள், அரைத் தேக்கரண்டி மிளகுப்பொடி ஆகியவற்றைச் சேர்ப்பார். மிதமான தீயில் நீர் 2 குவளையாகச் சுண்டியதும் வடிகட்டுவார். சற்று ஆறிய பிறகு தேன் கலந்து கொடுப்பார்.

ஒருமுறை நான், “பாட்டி, இதைக் குடித்தால் சளி உடனே போய்விடுமா?” என்று கேட்டேன்.

“போகாது கண்ணு. சளி ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் போகும். அதுவரை தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் இதைத் தருகிறேன்,” என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது உண்மை என்பதைப் பின்னர் அறிவியல் பாடத்தில் அறிந்துகொண்டேன். சாதாரணச் சளி வைரஸ் கிருமிகளால் உண்டாகிறது. பாக்டீரியாக்களை அழிக்கும் மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை. நம் உடலின் எதிர்ப்பாற்றலே அதனை வெல்கிறது. பெரும்பாலோர் 7 முதல் 10 நாள்களில் குணமடைகின்றனர். அதுவரை வெதுவெதுப்பான பானம் கெட்டியான சளியை இளக்குகிறது. வறண்ட தொண்டையை நனைக்கிறது. உடல் இழக்கும் நீரையும் ஈடு செய்கிறது. தேன் இருமலைத் தணிக்க உதவுகிறது. ஆயினும், 1 வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா, அவர்களின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம்.

இத்தகைய பானங்கள் நம் இனத்தவரிடம் மட்டும் இல்லை. மலாய்க்காரர்கள் ‘தே ஆலியா’ எனும் இஞ்சித் தேநீரை விரும்பிப் பருகுகின்றனர். சீனர்கள் இஞ்சியுடன் பழுப்புச் சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடிக்கின்றனர்.

சென்ற ஆண்டு என் தம்பிக்குத் திடீரென்று கடுமையான காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்றே நாங்கள் எண்ணினோம். பாட்டி வழக்கம்போல் கசாயம் கொடுத்தார். மறுநாளும் காய்ச்சல் தணியவில்லை. பாட்டி தம்பியின் அருகில் அமர்ந்து அவனை உற்றுக் கவனித்தார்.

“மூக்கு ஒழுகவில்லை, இருமலும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறான், கைகால் மூட்டும் வலிக்கிறதாம். இது என் கசாயத்துக்கு அடங்கும் காய்ச்சல் இல்லை. உடனே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்,” என்றார்.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே அம்மா, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே,” என்றார் அப்பா.

“அது விருந்தாளிக்குச் சொன்னது. பிள்ளை விசயத்தில் நாள் எண்ணிக்கொண்டு இருக்கக்கூடாது,” என்று கூறிய பாட்டி, தம்பிக்குச் சட்டையை மாட்டத் தொடங்கினார்.

கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்தனர். தம்பிக்கு டிங்கிக் காய்ச்சல் என்று தெரியவந்தது. அன்றே அவனை மருத்துவமனையில் சேர்த்தனர். டிங்கி வைரஸை ஒழிக்கத் தனி மருந்து இல்லை என்றும், உடலில் நீர்ச்சத்து குறையாமல் காத்து இடைவிடாமல் கண்காணிப்பதே சிகிச்சை என்றும் மருத்துவர் விளக்கினார். கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள் என்றும் கூறினார். சரியான நேரத்தில் அழைத்து வந்ததாகப் பாட்டியைப் பாராட்டினார்.

சில நாள்களில் தம்பி நலமாக வீடு திரும்பினான். பாட்டி முதல் வேலையாகத் துளசித் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கியிருந்த நீரைக் கொட்டிக் கவிழ்த்தார். ஏடிஸ் கொசு அத்தகைய தேங்கிய நீரில் முட்டையிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாரேனும் தும்மினால் கசாயம் கொதிக்கிறது. எந்த மூலிகையை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதோடு, எப்போது அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் நான் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன்.