ஒருபுறத்து மூக்கடைப்பு

திருப்பெரும்பூதூர் முன்னாளில் இராமாநுசர் பிறந்த ஊர் என்றே பேசப்பட்டது. இந்நாளில் அங்கிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் மலிந்துள்ளன. கார் இணைப்போரும், இரும்பு தேய்ப்போரும், சரக்கனுப்ப மரப்பெட்டி அறைவோருமாகப் பல்லாயிரவர் ஆண்டு உழைக்கின்றனர். தூசியிடையே வாழ்வோர்க்கு மூக்கடைப்பு புதிதன்று. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வர். பெரும்பாலும் நலமும் பெறுவர். மிக அரிதாகவே, மூக்கினுள் எழும் புற்றுநோய் இதே வேடம் பூண்டு வரும்.

அவ்வேடம் எத்தகையது? கன்னத்தெலும்பினுள்ளும் நெற்றியெலும்பினுள்ளும் காற்றறைகள் உள. அவை சிறு வாயில்களால் மூக்கோடு இணைந்தவை. கட்டி அவ்வாயிலை அடைப்பின் உள்ளே சளி தேங்கும், அதிற் கிருமி பெருகும், சீழ் வடியும். நம் முன்னோர் பீனசம் என்றழைத்த நோய்க்கும் இவையே குறிகள். கிருமியைக் கொல்லும் மருந்தினால் சீழ் குறையும், நோயாளி மகிழ்வான். கட்டியோ அம்மருந்தைப் பொருட்படுத்தாது வளரும். மீண்டும் அடைப்பு, மீண்டும் மாத்திரை என மாதங்கள் கழியும். மருந்து சிறிது பயன் தருவதே இங்குத் தீங்காய் முடிகின்றது!

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. சளி பெரும்பாலும் இரு நாசிகளையும் பற்றிச் சின்னாளில் நீங்கும். கட்டி பெரும்பாலும் ஒருபுறத்தையே பற்றும், நீங்காது. ஒரு நாசி மட்டும் வாரக்கணக்கில் அடைபட்டுக் குருதி கலந்து வடியுமாயின் ஐயுறல் வேண்டும். அப்புறத்துக் கன்னம் மரத்தலும், மேற்பல் ஆடுதலும், கண் பிதுங்குதலும் கட்டி பரவியதைக் காட்டக்கூடும்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலித் தொழிலாற் புகழ்பெற்றது. அங்கு மருத்துவம் புரிந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் அம்மையார், இவ்வரிய நோயுற்றோருட் பலர் மரவேலை செய்வோராயிருத்தலை 1960களில் கண்டுணர்ந்தார். தொழிலை வினவாத மருத்துவர்க்கு அவ்வுண்மை புலப்பட்டிராது. 1968இல் அவரும் பிறரும் அதனை ஆய்ந்து வெளியிட்டனர். 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூள் மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என வகுத்துரைத்தது. தூளை நெடுநாள் உட்கொண்டு, பல்லாண்டு கழிந்த பின்னரே நோய் தோன்றும். தொழிலை விட்டவரும் அதனை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒளியுடைய மெல்லிய குழாயை நாசியுட் செலுத்தி நோக்குவர். ஐயம் எழின் சி.டி. படம் எடுப்பர். முடிவு கூறுவது, கட்டியிற் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் ஆராயப்படும் சிறு துணுக்கேயாகும். காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில், அறிஞர் அண்ணா பெயரால் அமைந்த அரசினர் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. ஒரகடத்தார்க்கு அது சேய்மையன்று.